பூஜையில் வைத்த கோடாலிக் காம்புகள்

நான் கோடாலிக் காம்பை நாக்கால் நக்கிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று விழுப்புரத்தில் ஒரு கதை இன்னும் உலவுகிறதாம். நான் வேலை பார்த்த சாலைப் பிரிவில் இப்போது இருக்கும் ஓர் இளம் பொறியாளர், போன மாதம் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவள், காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: “உண்மையாவா மேடம்?” எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நக்கியதெல்லாம் கிடையாது. கட்டைவிரலில் எச்சில் தொட்டுக் காம்பின் முனையில் தேய்ப்பேன். ஈரம் பட்டால் மரத்தின் வரிகள் பளிச்சென்று தெரியும். லாரியின் பின்னால் நின்று சரக்கு இறக்கும்போது தண்ணீர்க் குடத்துக்கு எங்கே போவது? எச்சில்தான் கைவசம் இருந்தது. அதை யாரோ பார்த்து, நாக்கையும் சேர்த்துவிட்டார்கள்.

மரம் அறுக்க மெஷின் வந்துவிட்டாலும் ஸ்டோரில் கோடாலி இன்னும் இருக்கிறதாம், காம்பு பார்த்து வாங்கத்தான் ஆளில்லையாம். எழுதிக் கொடுங்கள் என்றாள். கேட்டது காம்பைப் பற்றி. ஆனால் காம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எங்கள் பிரிவில் மரம் வெட்டிய ஏழுமலையின் கல்யாணத்தைப் பற்றி எழுதாமல் எனக்கு முடியாது.

எம்ப்ளாய்மென்ட் ஆபீஸ் கார்டு வந்து நான் வேலையில் சேர்ந்தது எண்பதுகளின் தொடக்கத்தில், திண்டிவனத்தில். எங்கள் வீட்டில் நிலத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் கேழ்வரகும் போடுகிறவர்கள். அரசாங்க வேலை என்றதும் நாற்காலி, மின்விசிறி என்று கற்பனை பண்ணிக்கொண்டு போனேன். கொடுத்தது தகரக் கொட்டகை. உள்ளே மண்வெட்டி, கடப்பாரை, தார் வாளி, கோடாலி. நான்தான் ஸ்டோர் கீப்பர். வயது இருபதுகளில்தான், ஆனாலும் முதல் நாளே ‘ஸ்டோரம்மா’ ஆகிவிட்டேன். என் அப்பா வயதுக்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். கல்யாணம் ஆவதற்கு முன்பே எனக்கு அத்தனை பிள்ளைகள்.

ஸ்டோரில் ஒரு நடைமுறை உண்டு. ஒடிந்த காம்பைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் புதுக் காம்பு. வெட்டுகிறவர்கள் உயிரோடு இருக்கும் காம்பைப் பார்ப்பார்கள். என்னிடம் வந்து சேர்ந்ததெல்லாம் செத்த காம்புகள். வாட்ச்மேன் அவற்றை வெந்நீர் அடுப்புக்கு எடுத்துப் போவார். நான் வேலை இல்லாத மத்தியானங்களில் அவற்றைப் புரட்டிப் பார்ப்பேன், வேறு என்ன செய்ய? பார்க்கப் பார்க்க ஒன்று புரிந்தது. நல்ல காம்பு உழைத்துத் தேய்ந்து ஒடிந்தால் நார் நாராகப் பிரிந்து பழைய துடைப்பம் மாதிரி நிற்கும். கெட்ட காம்பு அப்படி இல்லை. சீவிய கரும்பு போல சரிவாக, வழவழப்பாக இரண்டாகிவிடும். அந்தச் சரிவைக் கையால் தடவிக்கொண்டே போனால், மரத்தின் நார் காம்பின் நீளத்துக்கு ஓடாமல் பாதியிலேயே பக்கவாட்டில் வெளியே போயிருப்பது தெரியும். நாங்கள் அதை ‘ஓட்டம்’ என்போம். ஓட்டம் ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் போக வேண்டும். வழியில் இறங்கிவிடும் காம்பு ஆபத்து.

இன்னொன்று, முனையில் தெரியும் வரிகள். அவை கோடாலியின் வெட்டுவாய் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் போக்கிலேயே ஓட வேண்டும், குறுக்கே ஓடக்கூடாது. ஒரு நோட்டுப் புத்தகத்தைப் படுக்க வைத்துப் பிடித்தால் மடங்கும். விளிம்பு மேலே வரும்படி பிடித்தால் விறைத்து நிற்கும். அதே கணக்குதான். இதைத்தான் எச்சில் தொட்டுப் பார்த்தேன். 

திண்டிவனத்தில் முதன்முதலாக ஒரு கட்டுக் காம்பை நான் வேண்டாமென்று சொன்னபோது, சரக்குக் கொண்டுவந்தவர் விழுந்து விழுந்து சிரித்தார். “இது கோடாலிக் காம்பும்மா, கொலுவுல வெக்கிற பொம்மை இல்ல” என்றார். அதில் ஒன்றை எடுத்து இரண்டு செங்கல் மேல் வைத்து ஏறி மிதித்தேன். நான் அப்போது ஒல்லி, காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கனத்துக்கே படக்கென்று போனது. அவர் கட்டைத் திரும்ப லாரியில் ஏற்றினார். அதோடு என் படிப்பு முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு விழுப்புரத்துக்கு மாற்றல்.

விழுப்புரத்தில் எனக்கு மேலே இருந்தவர் உதவிப் பொறியாளர் நடராஜன் சார். சட்டை முழுக்கை, மடிப்புக் கலையாத வெள்ளை. குரலை உயர்த்த மாட்டார். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது: தானே ஒருமுறை செய்து பார்க்காத விஷயத்தில் கையெழுத்துப் போட மாட்டார். ரோலர் ஓட்டுபவர் சீட் ஆடுகிறது என்று சொன்னால், இவர் ஏறி உட்கார்ந்து கோலியனூர் வரைக்கும் ஓட்டிப் போய்த் திரும்புவார். தார் போடும் ஆட்கள் புதுச் செருப்பு கேட்டபோது, மேலிடத்துக்குக் கடிதம் எழுதும் முன் அவர்களுடைய பழைய செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு சூட்டோடு இருந்த சாலையில் நடந்தார். நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது, பாதி தூரம் குதித்துத்தான் போனார். செருப்பு அந்த மாதமே வந்தது.

எதையாவது செய்து பார்க்கப் போகிறார் என்றால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றுவார். பக்கத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களிடம் நீட்டுவார். கழற்ற ஆரம்பித்ததுமே ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பார்கள். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் ஒரு பெண் கோடாலியைப் பற்றிப் பேசினால் சிரிக்காமல் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

மரம் வெட்டும் குழுவுக்கு மேஸ்திரி முனுசாமி. பெரிய மீசை, பெரிய குரல், உள்ளே வெறும் வெண்ணெய். குழுவில் இருந்தவர்களில் அவருக்கு உயிர், பெருமுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஏழுமலைதான். நாள்கூலி ஆள். ஓங்கி ஒரு வெட்டு விட்டால் தண்டில் கோடாலி பாதி இறங்கும். பேச்சுக் குறைவு. மேஸ்திரிக்குப் பிள்ளை இல்லை, அதனால் இவனைப் பார்த்தால் அவருக்கு ஒரு நெகிழ்வு. எல்லோர் முன்னாலும் திட்டுவார், தன் தூக்குவாளியிலிருந்து கருவாட்டை எடுத்து இவன் சோற்றில் வைப்பார்.

ஏழுமலைக்குக் கெடார் கிராமத்தில் பெண் பார்த்திருந்தார்கள். பெண்ணின் அப்பா கோவிந்தன் நேராகவே சொல்லிவிட்டார், வேலை நிரந்தரம் ஆனால்தான் பெண், இல்லையென்றால் இல்லை. அந்த வருடம் நாள்கூலி ஆட்கள் சிலரை நிரந்தரமாக்கப் பெயர் கேட்டிருந்தார்கள். எங்கள் பிரிவிலிருந்து யார் பெயரை அனுப்புவது என்பது நடராஜன் சார் கையில் இருந்தது. ஏழுமலை பெயர் போகும் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. அந்த நம்பிக்கையில்தான் நான் பிரசவத்துக்கு லீவில் போனேன்.

திரும்பி வந்தபோது ஐப்பசி மழை ஊற்றிக்கொண்டிருந்தது. ஸ்டோர் அலமாரியில் மூன்று ஒடிந்த காம்புகள். மூன்றும் ஏழுமலை ஒடித்தவை என்றார்கள். ஒடிந்ததுகூடப் பெரிதில்லை, மூன்று முறையும் கோடாலித் தலை தெறித்துப் போயிருக்கிறது. ஒருமுறை வைக்கோல் வண்டிக்குள் பாய்ந்து, வண்டிக்காரர் வைக்கோலை எல்லாம் இறக்கித் தேடிக் கொடுத்திருக்கிறார். ஒருமுறை பால்காரர் சைக்கிளுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்திருக்கிறது. ஆள் முரடன், கோடாலி பிடிக்கத் தெரியவில்லை என்று பேச்சு கிளம்பிவிட்டது. போதாக்குறைக்கு, வெட்டும்போது பக்கத்தில் ஒருவரையும் நிற்க விடுவதில்லை, தள்ளு தள்ளு என்று விரட்டுகிறான், நிரந்தரம் ஆவதற்கு முன்பே திமிர் வந்துவிட்டது என்று உடன் வேலை செய்தவர்களே சொன்னார்கள்.

நடராஜன் சாரிடம் போய்க் கேட்டேன். அவர் முகம் வாடியிருந்தது. ஏழுமலையைத் தனக்கும் பிடிக்கும் என்றார். ஆனால் நாளைக்கு ஒருவர் தலையில் விழுந்தால் என்ன செய்வது, தெரிந்தே இவன் கையில் கோடாலியைக் கொடுத்தவன் நானாக அல்லவா இருப்பேன் என்றார். அந்த வாரத்துக்குள் பெயர் அனுப்ப வேண்டும். இப்போதைக்கு ஏழுமலையைக் கிளை இழுக்கும் வேலைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்.

நான் ஸ்டோருக்குத் திரும்பி அந்த மூன்று காம்புகளையும் எடுத்து மேசையில் போட்டேன். மூன்றும் சரிவாக, வழவழப்பாக ஒடிந்திருந்தன. முரட்டுக் கை ஒடித்தால் நார் நாராகத்தான் போகும். ஈரத்துணியால் துடைத்தேன். அலை அலையாக, சுழி சுழியாக, பார்க்கவே அத்தனை அழகான வரிகள். பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவை நான் ஒதுக்கி வைத்திருந்த கட்டு.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கருவேல மரத்தில் கிளை பிரியும் கவட்டைக்குப் பக்கத்தில் அறுத்தால், நார் நேராக ஓடாமல் வளைந்து சுழலும். பார்க்க மயில் தோகை விரித்தது போல இருக்கும். ஆனால் ஓட்டம் விரலளவு தூரம்கூட நேராகப் போகாது. மாவட்டத்திலிருந்து மொத்தமாக வரும் சரக்கில் அப்படிச் சில வந்துவிடும், திருப்பி அனுப்ப முடியாது. தோரணம் கட்ட, தார் வாளியைத் தோளில் தூக்க என்று அவற்றைத் தனியாகச் சாக்கில் சுற்றி மேல் தட்டில் வைத்திருந்தேன்.

நான் லீவில் இருந்தபோது ஆயுத பூஜை வந்திருக்கிறது. எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஆயுத பூஜைக்குப் புதுக் காம்பு போட்ட கோடாலிகளைச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பார்கள். அப்படிப் படைத்த கோடாலி குழுவிலேயே நல்ல வெட்டுக்காரன் கைக்குத்தான் போகும், எந்த மரத்திலும் முதல் வெட்டு அவனுடையது. முனுசாமி மேஸ்திரி காம்பு தேடி ஸ்டோருக்கு வந்திருக்கிறார். மேல் தட்டில், சாக்கில் சுற்றி, பத்திரமாக ஒரு கட்டு. ஸ்டோரம்மா உயர்ந்த சரக்கைப் பதுக்கி வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார். துடைத்துப் பார்த்தால் மயில் தோகை. பூஜையில் வைக்க இதைவிட என்ன வேண்டும்? படைத்து, பொட்டு வைத்து, தன் செல்லப்பிள்ளைக்கு ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறார். ஒன்று ஒடிய, அதைவிட அழகானது அடுத்தது.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அதே நேரத்தில் கெடார் ரோட்டில் பெரிய புளியமரம் ஒன்று காற்றில் சாய்ந்து பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டதாகவும், சார் ஆட்களோடு அங்கே போயிருப்பதாகவும் சொன்னார்கள். கயிறு ஏற்றிக்கொண்டு கிளம்பிய லாரியில் நானும் ஏறினேன். ஒடிந்த காம்புகள் ஒரு கோணிப்பையில், புதுக் காம்புகள் ஒரு கட்டு. அம்மாவிடம் விட்டுவந்த கைக்குழந்தை நினைப்பு வேறு.

மரம் சாலையை அடைத்துக்கொண்டு கிடந்தது. இரண்டு பக்கமும் பஸ்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். பயணிகள் எல்லோரும் மரம் வெட்டுவதில் நிபுணர்கள் ஆகி, இங்கே வெட்டு, அங்கே வெட்டு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கெடாரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களில் குடையோடு ஒருவர் தனியாக நின்றார். கோவிந்தன் என்று மேஸ்திரி என் காதில் சொன்னார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது மரத்தை அல்ல, மாப்பிள்ளையை. மாப்பிள்ளையோ பிள்ளைகளோடு பிள்ளையாகச் சுள்ளி இழுத்துக்கொண்டிருந்தான். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

காம்புகளைச் சாரிடம் காட்டினேன். சரிவை, சுழியை, ஓட்டம் வெளியே போகும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். தன் விரலாலும் தடவிப் பார்த்தார்.

“நீங்க சொல்றது சரியாத்தான் இருக்கும் சரோஜாம்மா” என்றார். “ஆனா நான் வெட்டிப் பாக்காம எழுத மாட்டேன்.”

சொல்லிக்கொண்டே கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். ஆட்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

அந்தக் கட்டில் மிச்சம் இருந்த ஒரு பூஜைக் காம்பு மேஸ்திரியிடம் இருந்தது. அதையே மாட்டச் சொன்னார். காம்பின் மெலிந்த முனையைத் தலையின் துளையில் விட்டு, தலையைப் பருத்த முனை வரைக்கும் இழுத்து, கல்லில் தட்டி இறுக்கினார் மேஸ்திரி. விளக்கெண்ணெய் தடவி, இன்னும் போகாத குங்குமத்தோடு, அது மின்னியது. சார் எல்லோரையும் வெகுதூரம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, முழுக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வெட்ட ஆரம்பித்தார்.

அவர் வெட்டிய அழகைச் சொல்லக் கூடாது. புளியமரத்துக்கு அரித்திருக்கும், அவ்வளவுதான். பஸ் ஜன்னல்களிலிருந்து சிரிப்பு வந்தது. அவர் கண்டுகொள்ளாமல் வெட்டினார். வேர்த்து, வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டி, மூச்சு வாங்கி நிறுத்தப் போகிற நேரத்தில் படக்கென்று ஒரு சத்தம். தலை தெறித்துப் போய்ப் பக்கத்து வயல் சேற்றில் புதைந்தது. சார் கையில் காம்பு மட்டும் நின்றது, முனை சீவிய கரும்பு மாதிரி.

குடைக்காரர் கோவிந்தன்தான் முதலில் வாயைத் திறந்தார். “இன்னா சார், அப்ப உங்களுக்கும் வேல நெரந்தரம் ஆவாதா?”

முதலில் சிரித்தவர் சார்தான். அவர் சிரித்த பிறகு பஸ்ஸில் இருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சிரித்து முடித்து, ஏழுமலையைக் கூப்பிட்டார். கட்டிலிருந்து நான் ஒன்றை உருவினேன். மங்கின நிறம், ஓர் அழகும் இல்லாத காம்பு, ஆனால் முனையிலிருந்து முனைக்குக் கோடு போட்டது போல ஓட்டம். அவன் அதை வாங்கி உள்ளங்கையில் ஒருமுறை உருட்டிப் பார்த்துவிட்டு மாட்டினான். பிறகு அவன் வெட்டியதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. சில்லு பறந்தது. யார் யோசனை சொன்னாலும் காதில் வாங்காமல், ஒரே சீராக வெட்டிக்கொண்டே போனான். தண்டு இரண்டாகி, கயிறு கட்டி இழுத்து, முதல் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. காம்பு அப்படியே இருந்தது.

டீ வந்தது. எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. தள்ளு தள்ளு என்று எல்லோரையும் விரட்டுகிறவன் இன்றைக்கு ஒருவரையும் விரட்டவில்லை, பிள்ளைகள் கிட்டத்திலேயே நின்று பார்த்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

“இது நல்ல காம்பு ஸ்டோரம்மா” என்றான்.

“அப்போ அது மூணும் கெட்டதுன்னு உனக்குத் தெரியுமா?”

டம்ளரைப் பார்த்தபடியே சொன்னான். “வெட்டும்போதே உள்ளங்கையில குறுகுறுன்னும். ஒடியப் போவுதுன்னு தெரியும். அதான் யாரையும் கிட்ட நிக்க உடல.”

சாருக்கு அதைக் கேட்டதும் கோபம் வந்துவிட்டது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எதிரில் வந்த பால்காரர் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும், வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன என்று கேட்டார். எனக்கும் கோபம்தான். ஏழுமலை தலை குனிந்துகொண்டான். ஓரக்கண்ணால் மேஸ்திரி நிற்கும் பக்கம் ஒரு பார்வை பார்த்தான்.

“தப்புதான் சார். மேஸ்திரி பூஜைல வெச்சி, பொட்டு வெச்சி, ஆசையா குடுத்தாரு. அத எப்பிடி சார் வாணாம்னு சொல்றது?”

முனுசாமி மேஸ்திரி டீ டம்ளரைக் கீழே வைத்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். மழை அப்போது விட்டிருந்தது. பிறகு வழக்கமான பெரிய குரலில், “மடையா, வேல போயிருந்தா இன்னாடா பண்ணியிருப்ப? கல்யாணம் நின்னிருந்தா?” என்றார். குரல் பெரிதாக வந்ததே தவிர உடைந்து வந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது, அதை மறைக்க சாரிடம் கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஏழுமலை பெயர் அந்த வாரமே போனது. உத்தரவு வர வருடம் திரும்பிவிட்டது. ஆனால் கோவிந்தன் அதற்காகக் காத்திருக்கவில்லை. பக்கத்திலேயே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற அந்த மனிதர், குடையை மடக்கி அக்குளில் வைத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் வந்து தை மாதத்தில் நாள் பார்க்கச் சொன்னார். வேலை நிரந்தரம் ஆகட்டும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்று மேஸ்திரி திகைத்துப் போய்க் கேட்டார்.

“அது ஆவும்போது ஆவட்டும்” என்றார் கோவிந்தன். “மனசு நோவக்கூடாதுன்னு ஒடியிற காம்ப வெச்சிக்கினு வாயத் தொறக்காம வெட்டியிருக்கான் பாரு. எம்பொண்ணு சமையலுக்கு இவன்தான் சரிப்படுவான்.”

பெருமுக்கல் பக்கம் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். நல்ல பெண், தங்கமான மனசு, கை நிறைய அள்ளி வைப்பாள். ஆனால் சமையலைப் பற்றிக் கோவிந்தன் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மிகையில்லை. ஏழுமலை மட்டும் இன்றைக்கும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான்.